கூட்டிப் பார்த்தால் சரிதான்

மார்ச் மாதத்தில் இரண்டு நாள், மாகாண நகரத்துக் கல்வி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னல் சரியாக மூடாத ஓர் அறையில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கலிபா எண்பது சமன்பாடுகளைச் சரிபார்த்தாள். எல்லாம் அணுக்கருச் சிதைவுச் சமன்பாடுகள். நகரத்து லிசேயம் பள்ளியில் சேருவதற்கான தேர்வில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வைக்கும் இயற்பியல் கேள்விகள். அதைப் பார்க்க கரா-ஜார் ஊர் கலிபாவை விட்டால் ஆளில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். அவளும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. அம்புக்குறிக்கு இடப்பக்கம் மேலே ஓர் எண், கீழே ஓர் எண். வலப்பக்கத்து மேலெண்களைக் கூட்டினால் இடப்பக்கத்து மேலெண் வர வேண்டும். கீழே கூட்டினால் கீழெண் வர வேண்டும். வந்துவிட்டால் பச்சை மையில் ஒரு டிக். வகுப்பிலும் இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் சொல்லிவந்தாள். மேலே கூட்டு, கீழே கூட்டு, சரியாக வந்ததா, நிம்மதியாகத் தூங்கு.

கேள்விகளை எழுதுகிறவர் எஷென்குல், தேர்வுக் குழுவின் தலைவர். எழுதுகிறவர் என்று சும்மா மரியாதைக்குச் சொல்கிறோம். போன வருஷத்துக் கேள்விகளை எடுத்து எண்களை மாற்றிப் போடுவார். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கையே உண்டு. பிள்ளைகள் பழைய தாளை மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடக் கூடாதல்லவா? ரயில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போனால் இந்த வருஷம் எழுபதில் போகும். ஐந்து கிலோ எடையை ஏழு கிலோ ஆக்குவார். ரயிலுக்கும் எடைக்கும் அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

தன் மகள் பெகிமாயும் அந்தத் தேர்வை எழுதுகிறாள் என்று கலிபா முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார். யார் வீட்டுப் பிள்ளைதான் எழுதவில்லை, சமன்பாடு பார்க்க நிலாவிலிருந்தா ஆள் இறக்குமதி செய்வது என்று கேட்டார். கலிபா வீட்டுக்கு வந்து ஒரு கேள்வியைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை. எந்தப் பாடத்தைப் படிக்கட்டும் என்று மகள் கேட்டபோதுகூட, எல்லாவற்றையும் படி என்றுதான் சொன்னாள். அந்த விஷயத்தில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

லிசேயத்தில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரே ஓர் இடம். விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் இலவசம். அங்கே போன பிள்ளை தலைநகர் பிஷ்கெக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போகும். போகாத பிள்ளை அப்பாவோடு ரஷ்யாவுக்குப் பெட்டி கட்டும். ஏப்ரலில் ஒரு புதன்கிழமை முடிவு வந்தது. பெகிமாய்க்கு 71, சத்தார் மகள் உல்கானுக்கு 69. இரண்டு பேருமே கலிபாவின் வகுப்பு. ரஷ்யாவில், கசான் நகரத்தில் கட்டட வேலை செய்யும் கலிபாவின் கணவன் ஜெனிஷ், சாரத்தில் நின்றபடியே போன் செய்து, கூட வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவரிடமும் போனைக் கொடுத்து வாழ்த்துச் சொல்ல வைத்தான். பெகிமாய் சிரித்தாள். ஆனால் அம்மா எதிர்பார்த்த அளவுக்கு மகள் துள்ளிக் குதிக்கவில்லை. களைப்பு என்று கலிபா நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் சத்தார் வந்தான். கூடவே உல்கான். சத்தாருக்கு நிலக்கரி லாரி ஓட்டுகிற வேலை. கைகளை எவ்வளவு கழுவினாலும் நகக்கண் கறுப்பாகவே இருக்கும். வாசலிலேயே தொப்பியைக் கழற்றி, ஒரு பை குருத், உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டைகளை, மேஜைமேல் வைத்தான். பெகிமாய்க்கு வாழ்த்துச் சொன்னான், மனசாரவே சொன்னான். அவள் கடைக்குப் போயிருந்ததால் கலிபாவிடம் சொன்னான். டீ ஊற்றிக் கொடுத்ததும் பாதிக் கிண்ணம் குடித்துவிட்டு, மகளின் விடைத்தாள் நகலைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தான்.

"சண்டை போட வரலை எஜெகே," என்றான். எங்களுக்கு அக்காவும் எஜெகேதான், டீச்சரும் எஜெகேதான். "ஒரு கேள்விக்கு முட்டை போட்டிருக்காங்க. எங்க தப்பு பண்ணினான்னு சொல்லிட்டீங்கன்னா, மறுபடி அந்தத் தப்பைப் பண்ண மாட்டா."

கலிபா தாளை வாங்கிப் பார்த்தாள். பதினான்காவது கேள்வி. ரேடியம்-226 சிதையும்போது ஒரு பீட்டா துகள் வெளிவருகிறது, உண்டாகும் தனிமம் எது, சமன்பாட்டை எழுதுக. நான்கு மதிப்பெண். உல்கான் தன் குண்டு எழுத்தில் எழுதியிருந்தாள்: "ரேடியம்-226 பீட்டா விடாது. ஆல்பா விடும். ரேடான்-222 ஆகும். எங்கள் வீட்டு நிலவறையில் இருப்பது அதுதான்." கீழே சமன்பாடு. அதற்குக் குறுக்கே சிவப்புக் கோடு, பக்கத்தில் ஒரு பூஜ்யம்.

அந்தப் பெண் எழுதியிருந்தது அத்தனையும் உண்மை. ஊருக்கு மேலே, மூடிப் போன யுரேனிய ஆலையின் கழிவு மேடு இருக்கிறது. முள்கம்பிக்குள்ளே ஆடு மேயும். அதன் அடிவாரத்தில்தான் சத்தாரின் வீடு. இரண்டு வருஷத்துக்கு முன்பு வெளியூர்க்காரர்கள் வெள்ளைப் பெட்டிகளோடு வந்து வீடு வீடாக ரேடான் வாயுவை அளந்தபோது, மொழிபெயர்க்கக் கூடப் போனவள் கலிபாதான். நிலவறைக் கதவைத் திறந்தே வையுங்கள், உருளைக்கிழங்கு எடுக்கப் போனால் அதிக நேரம் நிற்காதீர்கள் என்று சத்தாரிடம் சொன்னதும் அவள் வாய்தான். ரேடியம் என்னவாக மாறும் என்று இந்த மாகாணத்தில் ஒரே ஓர் ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்றால், அது அவளுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

போன வருஷத் தாளில் அது 228 ஆக இருந்தது. அதுவும் உடனே நினைவுக்கு வந்தது. ரேடியம்-228 பீட்டா விடும், ஆக்டினியம் ஆகும். எஷென்குல் வழக்கம்போல 228-ஐ 226 ஆக்கியிருக்கிறார், விடையிலும் 226 போட்டிருக்கிறார். 226-க்கு 226, 88-க்கு 89-இல் ஒன்று போக 88. மேலே கூட்டினாள், கீழே கூட்டினாள், டிக் போட்டாள். ரேடியம் ரயிலில்லையே! பாவி மனுஷி, எண்பது டிக்கில் ஒரு டிக்கைக்கூட என்னவென்று நின்று பார்க்கவில்லை.

சத்தார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம். கேள்வியே தப்பு, நாளை மாலை ஐந்து மணிக்குள் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் கையெழுத்தோடு முறையீடு கொடுத்தால் போதும் என்று சொல்லிவிடலாம். கேள்வி ரத்தானால் அதற்கு மதிப்பெண் வாங்கிய எல்லாருக்கும் நான்கு குறையும். பெகிமாய் ஆக்டினியம் என்றுதான் எழுதியிருப்பாள். 71-இல் நான்கு போனால் 67. உல்கானுக்குக் குறைய ஒன்றுமில்லை, 69 அப்படியே நிற்கும். இதையெல்லாம் கணக்குப் போட கலிபாவுக்கு ஒரு மிடறு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"கேட்டதுக்குத்தான் பதில் எழுதணும், உல்கான்," என்றாள். "பீட்டான்னு கேள்வி சொன்னா பீட்டாதான். கேள்விக்கு வெளியில போயிட்டே."

உல்கான் தலையைக் குனிந்துகொண்டாள். சத்தார் மகளின் முதுகில் மெதுவாகத் தட்டி, கேட்டுக்கிட்டியா என்றான். பிறகு அந்தப் பெண் எழுந்து நின்று, "மன்னிச்சிடுங்க எஜெகே, இனிமே கேட்டதை மட்டும் எழுதறேன்," என்றாள். இருவரும் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். குருத் பை மேஜைமேலேயே இருந்தது. கலிபா அதை அலமாரியில் வைக்கவும் மனமில்லாமல், திருப்பிக் கொடுக்க ஓடவும் தெம்பில்லாமல் அப்படியே நின்றாள்.

அவள் கெட்டவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெற்ற பிள்ளையின் இடம். வேறொருவர் என்றால் என்ன செய்திருப்பார்கள் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும். அவளும் தனக்குத்தானே நியாயம் சொல்லிப் பார்த்தாள். கேள்வியை எழுதியது தானல்ல, திருத்தியது தானல்ல, பெகிமாயும் ஒன்றும் சும்மா வாங்கவில்லை, ராப்பகலாகப் படித்தாள். எல்லா நியாயமும் சரியாகத்தான் வந்தது. ஆனாலும் ஒரு வாய் ரொட்டிகூட இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் பாடவேளை ஒன்பதாம் வகுப்பு. பாடம் அணுக்கருச் சிதைவு, திருப்புதல். விதி என்று சொல்லலாம், பாடத்திட்டம் என்றும் சொல்லலாம். கலிபா கரும்பலகையில் ஐந்து தனிமங்களை எழுதினாள். மூன்றாவது ரேடியம்-226. வரிசைப்படி ஒவ்வொருவராக வந்து முடித்தார்கள். மூன்றாவதாக எழுந்தவள் உல்கான்.

சாக்பீஸை வாங்கிக்கொண்டு போய் அம்புக்குறி போட்டாள். ஆக்டினியம்-226 என்று எழுதினாள், பக்கத்தில் ஒரு பீட்டா. பிறகு கலிபா சொல்லிக் கொடுத்தபடியே மேலே கூட்டினாள், கீழே கூட்டினாள், ஓரமாக ஒரு டிக் போட்டாள். பின்வரிசையிலிருந்து பெகிமாயும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உனக்கே தப்புன்னு தெரியும்ல, உல்கான்?" என்று கலிபா கேட்டாள்.

"கூட்டிப் பாத்தேன் எஜெகே. சரியா வருது," என்றாள் உல்கான். முகத்தில் வீம்பு இல்லை, கிண்டல் இல்லை. சாக்பீஸைத் தட்டில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

கலிபாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நேற்றுவரை உண்மை தெரிந்த ஒரு பிள்ளையை, ஒரு கிண்ணம் டீ ஆறுவதற்குள் இப்படி ஆக்கியாகிவிட்டது. இடம் போனால் வேறு இடம் வரும், இதை யார் திருப்பிக் கொடுப்பது? கலிபா பலகையில் ஆக்டினியத்தை அழித்து ரேடான் என்று எழுதினாள். நேற்று உல்கானிடம் தான் சொன்னது தவறு, தேர்வுத் தாளில் அவள் எழுதியதுதான் சரி என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அடுத்த வகுப்பைக் கணக்கு டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, உல்கானின் விடைத்தாள் நகலை வாங்கிக்கொண்டு, பதினொன்றரை மணி வேனைப் பிடித்தாள். நகரத்துக்கு மூன்று மணி நேரம். வழியில் டயர் வேறு பஞ்சராகி, எல்லாரும் இறங்கிப் பனிக்காற்றில் நின்றார்கள். அந்த அரைமணி நேரமும், வேன் கிளம்பாமலே போனால் நன்றாக இருக்கும் என்று ஒரு மனசு வேண்டிக்கொண்டிருந்தது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

எஷென்குல் சம்சா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி அவளுக்கும் ஒன்றை நகர்த்தினார். கலிபா தாளை அவர்முன் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவால் மேலெண்ணைத் தொட்டார், கீழெண்ணைத் தொட்டார்.

"சரியாத்தானேம்மா இருக்கு."

"கூட்டிப் பாத்தா சரிதான் அகாய். ஆனா அப்படி ஒண்ணு உலகத்துல நடக்கறதே இல்ல. போன வருஷம் 228 போட்டிருந்தீங்க, அது பீட்டா விடும். 226 விடாது." வயதில் மூத்த ஆண்களை எங்கள் பக்கம் அகாய் என்போம்.

"எண்ணை மாத்தச் சொன்னது சுற்றறிக்கை. நானாவா ஆசைப்பட்டு மாத்தினேன்?" என்றவர், கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்தார். அவரும் இயற்பியல் படித்தவர்தான். காது மடல் சிவந்துவிட்டது. ஆனால் அதை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. அலமாரியைத் திறந்து மார்ச் மாதக் கோப்பை எடுத்து, பதினான்காவது கேள்விக்குப் பக்கத்தில் இருந்த பச்சை டிக்கை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இது யாரோடது?"

"என்னோடதுதான்."

"சரி. இப்ப யாரு முதல்ல நிக்கறா?"

"என் பொண்ணு."

"கேள்வி ரத்தானா?"

"அவளுக்கு 67. உல்கானுக்கு 69."

எஷென்குல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் பேசியது மிரட்டலா அக்கறையா என்று கலிபாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கேள்விகளை முன்கூட்டியே பார்த்தவள் நீ, உன் மகள் முதலாவதாக வந்திருக்கிறாள், இதுவரை யாரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை, இப்போது நீயே கிளறினால் அவள் உழைத்து வாங்கிய மிச்ச மதிப்பெண்ணையும் ஊர் சந்தேகப்படும் என்றார். இடமும் போகும், பேரும் போகும், சரிபார்ப்பவர் பட்டியலிலிருந்து உன் பெயரையும் நான் எடுக்க வேண்டி வரும் என்றார். அத்தனையும் உண்மைதான். வேனில் மூன்று மணி நேரம் அவள் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

"எடுத்துடுங்க அகாய்," என்றாள். "ஒரு காகிதம் குடுங்க."

காகிதம் வந்ததும் எழுதினாள். கேள்வி எண் பதினான்கு தவறானது, சமன்பாடு சமப்பட்டாலும் அப்படிப்பட்ட சிதைவு இயற்கையில் இல்லை, சரிபார்த்தது நான், தவறு என்னுடையது, கேள்விகளைப் பற்றி என் மகளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. கடைசி வாக்கியத்தை ஒருமுறை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். நான்கு இருபதுக்கு எஷென்குல் குழுவின் மற்ற இருவரையும் போனில் பிடித்தார். ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கேள்வி ரத்தானது. போகும்போது அவர், ஒரு வருஷம் போனால் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

திரும்பும் வழியில் சத்தாருக்குப் போன் செய்தாள். அவனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும், அப்போ பெகிமாய்க்கு என்று கேட்டான். கலிபா, அதைப் பிறகு பேசலாம் என்று போனை வைத்துவிட்டாள்.

வீட்டில் பெகிமாய் லக்மான் நூடுல்ஸுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கைகள் முழங்கை வரை வெள்ளை. வேனில் வரும்போது ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றுகூட கலிபாவுக்கு வாயில் வரவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல், நடந்ததை நடந்தபடியே போட்டு உடைத்தாள். பதினான்காவது கேள்வி தப்பு, அதைச் சரியென்று டிக் போட்டது நான், போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், உன் இடம் உல்கானுக்குப் போய்விட்டது. மகள் கத்துவாள், மாவைத் தூக்கி எறிவாள், அப்பாவுக்குப் போன் போடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக நின்றாள்.

பெகிமாய் மாவை இழுத்து மடித்தாள். "தெரியும் அபா," என்றாள். எங்கள் பிள்ளைகள் அம்மாவை அபா என்றுதான் கூப்பிடும்.

"யார் சொன்னா? சத்தார் போன் பண்ணினானா?"

"யாரும் சொல்லல. அது ரேடான்னு பரீட்சை எழுதறப்பவே தெரியும். நீங்க அவங்க நிலவறைக்கு வெள்ளைப் பெட்டி எடுத்துட்டுப் போனப்போ நானும்தானே பின்னாடியே வந்தேன்?"

கலிபா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பின்ன ஏன்டி ஆக்டினியம்னு எழுதின?"

"மார்ச்ல நீங்க சமன்பாடு பாக்கத்தானே போனீங்க? அப்போ அது நீங்க சரின்னு விட்ட கேள்வி. நான் தப்புன்னு எழுதினா உங்களைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. அப்பாவும் ஊர்ல இல்ல, உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" பெகிமாயின் குரல் அப்போதுதான் உடைந்தது. "ரொம்ப நேரம் பேனாவை வெச்சுட்டு உக்காந்திருந்தேன் அபா. உல்கானுக்கு அந்த பயம் இல்ல. அவளுக்குத் தெரிஞ்சதை அவ எழுதிட்டா."

என்னைக் காட்டிக் கொடுத்திருக்கணும்டி, நீயும் எழுதியிருக்கணும் என்று சொல்ல கலிபா வாயெடுத்தாள். இருபத்திரண்டு வருஷமாக எந்தப் பிள்ளையிடமும் சொல்லாத ஒன்றை, எல்லாம் முடிந்த பிறகு பெற்ற மகளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? மாவு ஒட்டிய அந்தக் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழாதீங்க அபா, மாவு காயுது என்று பெகிமாய் சொல்லிக்கொண்டே இருந்தாள், ஆனால் கையை எடுத்துக்கொள்ளவில்லை.